கணிப்பு அட்டவணையின் மூன்றாவது வரி

2023 மே 6, சனிக்கிழமை. பெங்களூரில் பிரதமர் 26 கிலோமீட்டர் தூரம் திறந்த வாகனத்தில் ஊர்வலம் வந்தார், மறுநாளும் வந்தார். கர்நாடக சட்டமன்றத்துக்கு மே 10 அன்று வாக்குப்பதிவு. அந்தக் கடைசி வாரத்தில் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப ஒலித்தது: பா.ஜ.க. இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வருகிறது. அதற்குக் காரணமும் ஆயத்தமாக இருந்தது. மே 2 அன்று வெளியான காங்கிரஸ் தேர்தல் அறிக்கை பஜ்ரங் தளத்தின் பெயரைச் சொல்லி நடவடிக்கை பற்றிப் பேசியது. பிரதமர் அதை அனுமன் வழிபாட்டோடு இணைத்துக் கூட்டந்தோறும் முழக்கமாக்கினார். காங்கிரஸ் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்று ஆய்வாளர்கள் தீர்ப்பெழுதினர்.

அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட எண்களை நிதானமாகப் படித்தால் வேறொரு கதை தெரிகிறது. ஏபிபி - சிவோட்டர் கணிப்பு, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மார்ச் 29 அன்று காங்கிரசுக்கு 115 முதல் 127 இடங்கள் என்றது. மே மாதத்தின் கடைசிக் கணிப்பில் அது 110 முதல் 122 ஆயிற்று. பா.ஜ.க. 68 - 80 இலிருந்து 73 - 85க்கு ஏறியது. திரையில் பெரிதாகத் தெரிந்தவை இந்த எண்கள். இவற்றின் அடியில் சிறிய எழுத்தில் ஓடிய வாக்கு விழுக்காட்டில் காங்கிரஸ் இரண்டு முறையும் ஏறத்தாழ 40இலேயே நின்றது. பா.ஜ.க. 35ஐ ஒட்டிய நிலையிலிருந்து 36க்கு நகர்ந்தது. மதச்சார்பற்ற ஜனதா தளமோ 18ஐ ஒட்டிய நிலையிலிருந்து 16க்கு இறங்கியிருந்தது. அதாவது காங்கிரசிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை. அட்டவணையில் அசைந்தது மூன்றாவது வரி. அதைப் பற்றிப் பேச அன்று எவருக்கும் நேரமிருக்கவில்லை.

மே 13 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. பா.ஜ.க.வுக்கு 36 விழுக்காடு. கணிப்பு சொன்னதற்கு மிக அருகில். காங்கிரசுக்கு ஏறத்தாழ 43. ம.ஜ.த.வுக்கு 13க்குச் சற்று மேல். இடங்களில் காங்கிரஸ் 135, பா.ஜ.க. 66, ம.ஜ.த. 19. கணிப்பு தவறவிட்ட மூன்று விழுக்காடு ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடியிருந்தது. 2018இல் மண்டியா மாவட்டத்தின் ஏழு தொகுதிகளையும் வென்ற ம.ஜ.த.வுக்கு 2023இல் அங்கே மிஞ்சியது கிருஷ்ணராஜபேட்டை ஒன்றே. முன்னாள் முதல்வரின் மகன் இராமநகரத்தில் தோற்றார்.

இது ஒரு முறை நேர்ந்த தற்செயல் என்று தள்ளிவிடலாம்; 2018ஐப் புரட்டிப் பார்க்காதவரை. அந்த ஆண்டு லோக்நீதி - சிஎஸ்டிஎஸ் நிறுவனம் ஏபிபி தொலைக்காட்சிக்காக நடத்திய ஏப்ரல் மாதக் கணிப்பு பா.ஜ.க.வுக்கு 89 - 95, காங்கிரசுக்கு 85 - 91 இடங்கள் என்றது. மே மாதக் கணிப்பில் வரிசை தலைகீழானது: காங்கிரஸ் 92 - 102, பா.ஜ.க. 79 - 89. காற்று திசைமாறிவிட்டது என்றார்கள். வாக்கு விழுக்காட்டில் காங்கிரஸ் 37இலிருந்து 38, பா.ஜ.க. 35இலிருந்து 33, ம.ஜ.த. 20இலிருந்து 22. நடந்தது என்ன? காங்கிரஸ் கணித்தபடியே 38 விழுக்காட்டைப் பெற்றது. பா.ஜ.க. 36. ம.ஜ.த. 18. இரண்டு தேர்தல்களிலும் கடைசிக் கணிப்பு மூன்றாவது கட்சியை ஏறத்தாழ மூன்று, நான்கு புள்ளிகள் மிகையாக மதிப்பிட்டிருந்தது. 2018இல் அந்த மிகை பா.ஜ.க.வின் கணக்கில் சேர்ந்தது, 2023இல் காங்கிரசின் கணக்கில். தேசிய ஊடகங்களிலிருந்து விலகி, 40,000க்கும் மேற்பட்டோரை வீடு வீடாகச் சென்று கேட்டு, காங்கிரசுக்கு 132 - 140 இடங்கள் என்று துணிந்து சொன்ன 'ஈ தின' என்னும் கன்னட இணைய ஊடகமும் ம.ஜ.த.வுக்கு 16 விழுக்காடு என்றே கணித்திருந்தது. அவ்வளவு உழைப்பிலும் அந்த வரி மட்டும் பிடிபடவில்லை.

ஏன் பிடிபடுவதில்லை என்பதற்கு மனித இயல்பில் ஒரு விளக்கம் உண்டு. வாசலில் வந்து கேட்பவரிடமோ தொலைபேசியில் அழைப்பவரிடமோ வாக்காளர் தம் விருப்பத்தைச் சொல்கிறார். வாக்குச்சாவடிக்குப் போகும் நாளில் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது: இந்தத் தொகுதியில் யார் யாரை வெல்ல முடியும்? 2018இல் தொங்கு சட்டமன்றம் அமைந்து, குமாரசாமி தலைமையில் கூட்டணி ஆட்சி ஏற்பட்டு, உறுப்பினர்கள் அணி அணியாகப் பதவி விலக, 2019 சூலையில் அது கவிழ்ந்ததைக் கர்நாடகம் பார்த்திருந்தது. 2023இல் மீண்டும் தொங்கு சட்டமன்றம் வரலாம், ம.ஜ.த. கையில்தான் துருப்புச்சீட்டு என்று சில கணிப்புகள் சொல்லச் சொல்ல, பழைய கூத்தை மறுபடி பார்க்க விரும்பாத வாக்காளருக்கு அந்தக் கட்சியைக் கைவிட ஒரு காரணம் கிடைத்தது. இசுலாமியருக்கான நான்கு விழுக்காட்டு இடஒதுக்கீட்டை அன்றைய அரசு மார்ச் இறுதியில் நீக்கியிருந்த நிலையில், பழைய மைசூர்ப் பகுதியின் சிறுபான்மை வாக்காளர்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகப் பட்டிருக்கும். ஆட்சியின் திறவுகோல் உங்களிடம் என்று கணிப்பு சொன்னதே அந்தத் திறவுகோலைப் பறித்திருக்கக்கூடும். இதை எண்ணால் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் இரு முறை ஒரே திசையில் நேர்ந்த பிழையை விளக்க இதைவிடப் பொருத்தமான காரணம் எளிதில் கிடைக்காது.

இனி, அந்தக் காற்று உண்மையில் வீசியதா என்ற கேள்வி. 2,500 பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து கேட்டால் ஒரு கட்சியின் வாக்கு விழுக்காட்டில் ஏறத்தாழ இரண்டு புள்ளிகள் இப்படியும் அப்படியும் பிழை இருக்கும். இது பலருக்கும் தெரியும். இரு கட்சிகளுக்கிடையிலான முன்னிலையில் அந்தப் பிழை மூன்று புள்ளிகளைத் தாண்டும் என்பது குறைவானவர்களுக்கே தெரியும். இரண்டு வெவ்வேறு வாரங்களின் முன்னிலைகளை ஒப்பிட்டு மாற்றத்தை அளந்தால் பிழை ஏறத்தாழ ஐந்து புள்ளிகளைத் தொடும். 2018 ஏப்ரலில் காங்கிரசின் முன்னிலை 2, மே மாதத்தில் 5. மாற்றம் மூன்றே புள்ளி. அந்த அளவு மாதிரியில், எந்த வாக்காளரும் மனம் மாறாமலே இத்தகைய மாற்றம் தோன்றலாம். களத்தில் சமவாய்ப்பு முறையை அப்படியே கடைப்பிடிப்பதும் அரிது. சில தொகுதிகளையும் அவற்றில் சில வாக்குச்சாவடிகளையும் தெரிந்தெடுத்துத்தான் கேட்கிறார்கள், ஆகவே பிழை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இப்படியொரு அசைவுக்கு ஒரு தலைவரின் பேச்சு, ஒரு தேர்தல் அறிக்கை, ஒரு கட்சித் தாவல் என்று நாளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பது வேப்பிலை அடித்ததும் காய்ச்சல் இறங்கியது என்பதைப் போன்றதே.

விழுக்காட்டை இடமாக மாற்றும் படியில் பிழை இன்னும் பெருகுகிறது. 2018இல் வாக்குப்பதிவு நடந்த 222 தொகுதிகளில் காங்கிரஸ் இரண்டு விழுக்காடு கூடுதலாக வாக்குப் பெற்றும் 78 இடங்களே வென்றது, பின்தங்கிய பா.ஜ.க. 104. காங்கிரசின் வாக்கு மாநிலம் முழுவதும் பரவிக் கிடந்தது, பா.ஜ.க.வின் வாக்கோ வடக்கிலும் கடற்கரையிலும் குவிந்து, பழைய மைசூர்ப் பகுதியில் மெலிந்திருந்தது. 2023இல் பா.ஜ.க. அதே 36 விழுக்காட்டை வைத்துக்கொண்டே 38 இடங்களை இழந்தது. மாநில அளவில் அசையாத எண்ணுக்கு அடியில் வடக்கில் இழப்பும் தெற்கில் சேர்ப்பும் நிகழ்ந்திருந்தன. தெற்கில் சேர்ந்தவை வெற்றியாகும் அளவுக்கு வளரவில்லை. மாநில விழுக்காட்டை மட்டும் பார்த்தவருக்குப் பா.ஜ.க. நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றியிருக்கும்.

பெங்களூர்வாசிக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. மாநகரின் 28 தொகுதிகளில் 2018இல் பா.ஜ.க. 11 வென்றது, 2023இல் 16. காங்கிரஸ் 15இலிருந்து 12க்கு இறங்கியது. மாநிலமே அக்கட்சியைக் கைவிட்ட ஆண்டில் தலைநகரம் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்தது. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ தேநீர்க்கடையில் கேட்டதையும், பணியிடத்து மதிய உணவில் பேசியதையும் கொண்டு தும்கூருக்கும் கலபுரகிக்கும் அப்பால் நடப்பதை ஊகித்தவர்கள் ஏமாந்தார்கள். ஊடக நிலையங்கள் பலவும் இதே நகரத்தில் இருப்பதால் அந்த ஏமாற்றம் திரைக்கும் ஏறியது. போதாக்குறைக்கு, மாநிலத்தில் 73 விழுக்காட்டினர் வாக்களித்தபோது மாநகரில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே சாவடிக்குச் சென்றனர். கணிப்பில் கருத்துச் சொன்ன நகரவாசிகள் பலர் வாக்குச் சொல்லவில்லை. அவர்களை எப்படிக் கழிப்பது என்ற முடிவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அந்த முடிவை எந்தத் தொலைக்காட்சியும் மக்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை. தங்கள் மாதிரியில் தமிழ், தெலுங்கு, உருது பேசுவோரை எம்மொழியில், எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதும் அப்படியே. மாநகரின் ஜெயநகர் தொகுதி நள்ளிரவுவரை நீண்ட மறு எண்ணிக்கைக்குப் பின் 16 வாக்குகளில் முடிவானது. காந்திநகரில் 105.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மின்னணு ஊடகங்கள் கருத்துக்கணிப்பு முடிவுகளை வெளியிடக் கூடாது என்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் மூன்றாவது கட்சியின் ஆதரவாளர் தம் வாக்கை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் அந்த மௌன வேளையில்தான். அவர் கையில் இருப்பது அதற்குமுன் ஒளிபரப்பான கடைசி எண். அந்த எண்ணோ அவரைப் போன்றவர்களைத்தான் மிகப் பிழையாக அளந்திருக்கிறது. அவர் விவசாயியாக இருக்கலாம், தொகுதியில் ஒரே ஒரு பாலம் கேட்டு இருபது ஆண்டு காத்தவராக இருக்கலாம். ஒக்கலிகர் கட்சி என்றும் ஆட்சியை முடிவு செய்யும் கட்சி என்றும் இரண்டு சொற்களில் அவரைச் சுருக்கிவிட்டு விவாதம் அடுத்த விளம்பர இடைவேளைக்குப் போய்விடுகிறது.

2023 செப்டம்பரில் ம.ஜ.த. பா.ஜ.க. அணியில் சேர்ந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 28 இடங்களில் பா.ஜ.க. 17, ம.ஜ.த. 2, காங்கிரஸ் 9. குமாரசாமியே மண்டியாவில் வென்றார். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அவர் விட்டுச்சென்ற சென்னபட்டணம் சட்டமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலில் அவருடைய மகன் கூட்டணி வேட்பாளராக நின்றும் காங்கிரசிடம் தோற்றார். இரு கட்சிகளின் வாக்கையும் கூட்டி ஒரே வரியில் எழுதிவிட்டால் மூன்றாவது வரி மறைந்துவிடும் என்று அடுத்த சட்டமன்றத் தேர்தலின் கணிப்பாளர்கள் எண்ணுவார்களானால், சென்னபட்டணத்தில் அந்தக் கூட்டல் ஏன் விடை தரவில்லை என்பதை முதலில் அவர்கள் விளக்கியாக வேண்டும்.