விரதம் முடிந்தது, சிகரெட் ஏன் திரும்புகிறது?

ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்கு முன்னால் பினாங்கில் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடக்கிறது. காவடி எடுப்பவர்கள், பால்குடம் சுமப்பவர்கள், தேருக்கு முன்னால் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் என்று விரதம் பிடிக்கும் ஆண்களில் புகைக்கிற பழக்கம் உள்ளவர்கள் சிகரெட்டைத் தொடுவதில்லை. சிலர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சிலர் 21 நாள், ஷிப்டு வேலைக்காரர்கள் ஒரு வாரம். மருந்து கிடையாது, டாக்டர் கிடையாது, சுகாதார அமைச்சின் சுவரொட்டியும் கிடையாது. விடுகிறார்கள், அவ்வளவுதான்.

பிறகு தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி இறங்குகிறது. மூன்றாம் நாள் இடும்பன் பூசையோடு விரதம் முடிகிறது. அன்று இரவே மாமாக் கடைக்கு எதிர்ப்புறம், கால்வாய் ஓரமாக, அதே ஆட்கள் வரிசையாக நின்று புகை விடுகிறார்கள். நெற்றியில் விபூதிகூட அழிந்திருக்காது.

புகையை நிறுத்த இந்த நாட்டில் நடக்கும் முயற்சிகளில் இதைவிடப் பெரிய விரயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பீச் ஸ்திரீட்டில் ஒரு பார்வர்டிங் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சிகரெட் எப்படிப் பழகியது என்பதில் புதுமை ஒன்றுமில்லை. எங்கள் வாலிபத்தில் மலேசியக் காற்பந்து லீக்கே டன்ஹில் பெயரில்தான் நடந்தது. சிகரெட் விளம்பரத்துக்கு 1993இல் கட்டுப்பாடு வந்த பிறகும் பந்தாட்டமும் பாட்டுக் கச்சேரியும் சிகரெட் கம்பெனிகளின் பெயரைத் தாங்கியே நடந்தன. சிட்டி ஸ்டேடியத்தில் பினாங்குக் குழு ஆடும்போது தொண்டை கிழியக் கத்திவிட்டு வெளியே வருவோம். வந்ததும் ஆளுக்கொன்று பற்றவைப்போம். அப்புறம் வேலை. சுங்கப் பாரத்தைக் கொடுத்துவிட்டு, பெர்ரியில் பட்டர்வொர்த் போய், கன்டெய்னர் ரிலீஸ் ஆகும் வரை காத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி. காத்திருக்கிற இடமெல்லாம் சிகரெட். 2015 நவம்பரில் வரி ஏறி ஒரு பெட்டி 17 வெள்ளி ஆனபோது கூட, மாதம் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் புகையாகப் போகிறதே என்று வீட்டில் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன், குடித்துக்கொண்டும் இருந்தேன்.

விரதத்தில் மட்டும் விடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

விரதம் பிடித்தவர்களுக்கு அந்த முதல் நாட்கள் தெரியும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். மனைவி ஒரு டம்ளரைச் சற்று வேகமாக வைத்தால் கோபம் வரும். வாயில் புண். மலச்சிக்கல். அதுவரை இல்லாத இருமல் புதிதாக வந்து, நுரையீரல் தன்னைக் கழுவிக்கொள்வதுபோல் சளியைத் தள்ளும். படுத்தால் தூக்கம் வராது. தூக்கம் வராததற்குப் பல காரணம் உண்டு. அவற்றில் ஒன்று நாம் சந்தேகப்படாத ஆள், கோப்பி. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதிதான் கஃபீனையும் கரைத்து வெளியேற்றுகிறது. புகை நின்றதும் நொதியின் வேகம் தணிந்துவிடும். வழக்கமாகக் குடிக்கிற அதே நாலு கோப்பி-ஓவுக்கு ரத்தத்தில் கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தங்கும். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பு சிகரெட் கேட்கிறது என்று நினைக்கிறோம். பாதி அந்தக் கோப்பியின் வேலை. புகையை விடுகிறவர் கோப்பியையும் தே தாரிக்கையும் பாதியாகக் குறைத்தால் அந்த வாரம் கொஞ்சம் இலகுவாகக் கழியும். இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

நிகோடின் உடம்பில் நெடுநாள் குடியிருக்கிற பொருளும் அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும். இரண்டு மூன்று நாளில் நிகோடின் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். எரிச்சலும் ஏக்கமும் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். புகைக்கிறவர் மூளையில் நிகோடினுக்காகக் கூடுதலாக முளைத்திருக்கும் வாங்கிகள் புகைக்காதவர் அளவுக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகலாம் என்று மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. இப்போது 48 நாளை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஏழு வாரம். உதவியில்லாமல் தானாகவே புகையை விட முயல்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளைக்கூடத் தாண்டுவதில்லை என்கிறது மருத்துவ ஆய்வு. நம் விரதக்காரர் அந்த எட்டு நாளைத் தாண்டி, மாதத்தைத் தாண்டி, வெறுங்காலோடு தண்ணீர்மலையின் 513 படியும் ஏறி இறங்குகிறார். உடம்பைப் பொறுத்தவரை அவர் பிழைத்துவிட்டார். இந்த நிலையில்தான் மறுபடி பற்றவைக்கிறார்.

ஏன் என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான். “சாமிக்காக விட்டேன். சாமி காரியம் முடிஞ்சது. நான் நினைச்சா எப்ப வேணும்னாலும் விடுவேன் அண்ணே, வருஷா வருஷம் விடுறேனே!” இந்தக் கடைசி வாக்கியம்தான் பொறி. ஆண்டுக்கு ஒருமுறை விட முடிகிறது என்பதே மீதி மாதங்களுக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. நானும் அந்தச் சீட்டை வைத்திருந்தவன்தான்.

ரமதானில் நோன்பிருக்கும் என் முஸ்லிம் நண்பர்களின் கதை வேறு. விடியல் முதல் அந்தி வரை பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடுவதில்லை. நோன்பு திறந்ததும் பற்றவைக்கிறார்கள். அதனால் அவர்கள் உடம்பு நிகோடினிலிருந்து ஒருநாளும் முழுதாக விடுபடுவதில்லை. தினமும் புதிதாக வாடுகிறது. ஆனால் ஆசை வந்தால் அதை உட்காரவைத்துக் காத்திருக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. புகைப்பது ஹராம் என்று தேசிய ஃபத்வா மன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. குயின் ஸ்திரீட்டில் கல்லாவில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னால், “தெரியும் தலைவரே, தெரிஞ்சுதானே பின்பக்கம் போய்க் குடிக்கிறேன்” என்பார்.

நான் விட்டது ஒரு தைப்பூசத்துக்குப் பிறகு. பெரிய ஞானோதயம் எதுவும் இல்லை. இடும்பன் பூசை முடிந்தது, வீட்டில் கோழிக்குழம்பு, வயிறாரச் சாப்பிட்டேன். சிகரெட்டுக்கு மட்டும் இன்னும் ஒரு மண்டலம் நீட்டிப்போமே என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பந்தயம் கட்டுவார்கள். நம் ஆட்கள் எதற்கும் பந்தயம் கட்டுவார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. விரத காலத்தில் நான் ஆசையைச் சந்திக்கவே இல்லை. மாமாக் கடைக்குப் போகவில்லை, நண்பர்களோடு உட்காரவில்லை, துக்க வீட்டில் தலைகாட்டவில்லை. விரதக்காரன் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். மஞ்சள் வேட்டி போட்டவனிடம் யாரும் பெட்டியை நீட்ட மாட்டார்கள். வேட்டியைக் கழற்றிய மறுநாள் எல்லாப் பெட்டிகளும் நீண்டன. விரதம் உடம்பைத் தயார் செய்துவிடுகிறது. இடத்துக்கும் நேரத்துக்கும் ஆளுக்கும் தயார் செய்வதில்லை.

ஆசை வந்த இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். பட்டர்வொர்த் கேட்டில் கன்டெய்னர் வெளியே வரும்போது. சோறு தின்று கை கழுவிய உடனே. பினாங்குக் குழு கோல் அடித்தால். கோல் வாங்கினால் இன்னும் அதிகம். ஒரு துக்க வீட்டில் வெற்றிலைத் தட்டில் சிகரெட்டையும் அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் முறை ஆகிறவர் போய்விட்ட துயரத்தையும் தாண்டி என் கண் தட்டிலேயே இருந்தது. பல மாதம் கழித்தும், ஏன் ஆண்டு கடந்தும் வரும். ஆனால் வந்த ஆசை சில நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. பெர்ரி ஜெட்டியை விட்டுக் கிளம்பி நடுக்கடலுக்கு வருவதற்குள் போய்விடும். போகாது என்று நாம் நம்புவதால்தான் பற்றவைக்கிறோம்.

அந்தச் சில நிமிடத்தை ஓட்ட சௌராஸ்தா மார்க்கெட்டில் விற்கும் ஜாதிக்காய் ஊறுகாயை, சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டி, சட்டைப் பையில் வைத்திருந்தேன். சில நாள் அசாம் பாய். அதோடு அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த நிகோடின் சூயிங்கம். முதலில் அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பிறகுதான் கிளினிக் மிஸ்ஸி, அதாவது தாதி, கேட்டார்: “அங்கிள், அதை மிட்டாய் மாதிரி மென்று முழுங்குறீங்களா?” மெல்லவேண்டியது கொஞ்சம், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கவேண்டும், வெற்றிலை போடுகிறவர்கள் ஒதுக்குவதைப்போல. நிகோடின் வாயின் தோல் வழியாகத்தான் ஏறும், வயிற்றில் போனால் வீண். இன்னொன்றும் சொன்னார். புளிப்பும் கோப்பியும் வாயில் இருந்தால் அது ஏறாது, கால் மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அசாம் பாயும் சூயிங்கமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அந்த மிஸ்ஸியைப் பார்க்க நான் அரைநாள் லீவு எடுக்கவேண்டியிருந்தது. அந்தக் கிளினிக்கில் புகை நிறுத்தும் பிரிவு வாரத்தில் ஒரு வேலைநாள் காலையில் மட்டும். ஆசை வருவது இரவு பத்து மணிக்கு. பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான், மருந்தும் கொடுக்கிறார்கள், குறைசொல்ல மனமில்லை. ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் பையன் அந்த அரைநாளுக்கு எங்கே போவான்?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது, மூன்று மீட்டர் தள்ளிப் போகவேண்டும் என்று வந்ததே, என்னைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. கடைக்காரர்கள் புலம்பினார்கள், புகைக்கிறவர்கள் கோர்ட்டுக்குக்கூடப் போனார்கள். தே தாரிக் குடிக்க உட்காருகிறவனின் மூக்குக்கு நேரே யாரும் புகை விடாமல் இருந்தாலே பாதி ஆசை எழாது. 2024 அக்டோபர் 1இல் புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் கல்லாவுக்குப் பின்னால் பெட்டிகளை அடுக்கிக் காட்டவும் முடியாது. தினசரி வாங்கப் போன ஒட்டுக்கடையில் அந்த அலமாரி கண்ணில் படாமல் இருப்பது புகையை விட்டவனுக்கு எவ்வளவு நிம்மதி என்பது விட்டவனுக்குத்தான் தெரியும். 2007இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்று 2022இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் கொண்டுவந்த பகுதியை மட்டும் 2023இல் சட்டம் நிறைவேறும்போது கழற்றிவிட்டார்கள். அரசியலமைப்பின் சமத்துவ விதிக்கு ஒவ்வாது என்றார் சட்டத்துறைத் தலைவர். அது நட்டம்தான். அதே ஆண்டு மார்ச் 31இல் நிகோடின் திரவத்தை விஷப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதன் பலனைத் தண்ணீர்மலை அடிவாரத்தில் பார்க்கலாம்: காவடி எடுக்கப்போகும் ஒரு தம்பி என்னிடம் மெய்யான சந்தேகத்தோடு கேட்டான், “அங்கிள், விரதத்துல வேப் ஆகுமா?”

சட்டம் புதிதாகப் பழகுகிறவனைத் தடுக்கும். விட்டவனைத் தாங்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வந்தால் போதும். பொது மருத்துவமனை அங்கிருந்து அதிக தூரமில்லை. வழிநெடுக எத்தனையோ தண்ணீர்ப் பந்தல்கள். சர்பத்தும் மோரும் கொடுக்கிற பந்தலில் ஒரு மேசையைப் போட்டு, மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு ஒரு மிஸ்ஸி உட்காரட்டும். விரதக்காரர் ஊதினால் ஒன்றோ இரண்டோ காட்டும். கூட வந்த, காலையில் புகைத்துவிட்டு வந்த மைத்துனர் ஊதினால் பத்துக்கு மேல் போகும். பிரசங்கமே வேண்டாம். பக்கத்திலேயே சூயிங்கம், இரவில் கூப்பிட ஒரு தொலைபேசி எண், அடுத்த வாரம் மாலை ஏழு மணிக்கு ஒரு சந்திப்பு. பக்தியை மருத்துவமாக்குகிறார்கள் என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுருட்டு கேட்கிற முனியாண்டிக்கு வேண்டுமானால் வருத்தம் இருக்கலாம். முருகனுக்கு ஆட்சேபம் இருக்காது.

பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் மாநிலச் சுகாதார இலாகாவும் பேசி முடிக்க இது ஒரு கூட்டத்துக்கு மேல் எடுக்கிற விஷயமல்ல. பந்தல் நடத்துகிறவர்கள் அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பந்தலில் ஒரு மேசைக்கு இடம் உண்டென்று பக்கத்துக் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த ஆண்டு விரதம் பிடிக்கப்போகும் தம்பிகளே, இடும்பன் பூசையன்று கோழியைச் சாப்பிடுங்கள், ஆட்டையும் சாப்பிடுங்கள். சிகரெட்டுக்கு மட்டும் இன்னொரு மண்டலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.