60,000 ரூபாய் ஓட்டம்

அந்தமானில் சூரியனுக்குக் கொஞ்சம் அவசரம். கடிகாரம் என்னவோ இந்திய நேரத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முன்பே பொழுது விடிந்துவிடுகிறது. கோடையில் மரினா பூங்காவிலிருந்து கார்பின்ஸ் கோவ் கடற்கரைவரை ஓட நினைப்பவர் நாலரை மணிக்கே ஷூ மாட்டியாக வேண்டும். கையில் ஜி.பி.எஸ். கடிகாரமும் மாட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2023-ல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 965, இந்தியாவில் 60,000 ரூபாய்க்கு மேல் விலை வைக்கப்பட்ட சரக்கு.

அந்தப் பணத்துக்குக் கிடைப்பதில் உருப்படியானது, செயற்கைக்கோள் சமிக்ஞையை இரண்டு அலைவரிசைகளில் பெறும் வசதி. மலிவான கடிகாரங்கள் பெரும்பாலும் எல்1 என்ற ஒன்றையே நம்புகின்றன. அது மரத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வந்தால், நேராக ஓடியவரையும் தள்ளாடியவராக்கிவிடும் வரைபடம். எல்5 அலைவரிசையில் அசலையும் எதிரொலிப்பையும் பிரித்தறிவது சுலபம். ஹேவ்லாக்கில், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவில், ராதாநகர் பக்கம் ஓங்கி நிற்கும் மரங்களின் அடியில் இந்த வித்தியாசம் தெரியும். திறந்த கடலோரச் சாலைக்கு மலிவான கடிகாரமே போதும்.

வானத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் கொந்தளித்து சமிக்ஞையைக் குலைக்கும். விமானங்களுக்காக இத்தகைய பிழைகளை அளந்து திருத்தம் சொல்லும் ககன் திட்டத்துக்கு இங்கும் ஒரு கண்காணிப்பு நிலையம் உண்டு. விடியற்காலை ஓட்டக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

விலையை ஏற்றும் மற்ற சமாசாரங்கள்தான் சந்தேகத்துக்குரியவை. தோலில் பச்சை ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணி, அதை வேகத்தோடு ஒப்பிட்டு உடல்தகுதிக்கு மார்க் போடுகிறது கடிகாரம். தீவின் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். வெப்பத்தைக் கணக்கில் கொள்ள கடிகாரம் நம்புவதோ போன் வழியாக வரும் வானிலைத் தகவலை. அது பிசகினால், நன்றாகத் தேறிவரும் ஓட்டக்காரருக்கும் ‘பயனற்ற பயிற்சி’ என்று சான்றிதழ் கிடைக்கக்கூடும். இவ்வளவு செலவழித்து வாங்குகிற திட்டு!

ஜி.பி.எஸ். மட்டும் இயங்கினால் 31 மணி நேரம் தாங்கும் பேட்டரி, நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு வரப்பிரசாதம். தொப்பை குறைக்க ஓடுகிறவருக்கு அது வீண். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பின்புறத்து சார்ஜ் முனைகளைத் துடைக்காவிட்டால் உப்பு அரித்துவிடும். பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்பதை பில் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது உத்தமம்.