பட்டணம் பார்க்கப் பணக்காரனாக வேண்டுமா?

"கூலிக்காரனுக்குப் பட்டணம் பார்க்கும் ஆசை எதற்கு? நாலு காசைச் சேர்த்து வைக்கக் கூடாதா?" என்று சில கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். கோடை முழுவதையும் ஊட்டியில் கழித்துவிட்டு வந்து உபதேசம் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!

தோழர்களே! இரவு ஷிப்டில் பஞ்சுத் தூசியை விழுங்குகிறவனுக்கும், முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடுகிறவளுக்கும், வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு கடற்கரையில் உட்கார உரிமை இல்லையா? உண்டு என்கிறோம் நாம். சென்னையைப் பார்க்க மடி நிறையப் பணம் வேண்டும் என்பதும் சொகுசு ஓட்டல் முதலாளிகள் பரப்பிய புளுகு என்கிறோம்.

நம்மவர்களிலேயே சிலர், மாநாடு என்றால்தான் சென்னை, மற்றதெல்லாம் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். ஊர்வலத்தில் நடந்து, பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்து, கடலைக்கூடப் பார்க்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

எழும்பூரில் இறங்குங்கள். மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பசித்தால் மாநகராட்சியின் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் தொடங்கியபோதே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். எந்தக் கட்சி சர்க்கார் தொடங்கியது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள்! அங்கே அடுப்படியில் வேகிற பெண்களும் நம் வர்க்கம்தான். அவர்கள் கூலியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மெரினாவில் காற்றுக்கும் அலைக்கும் இன்னும் யாரும் டிக்கெட் போடவில்லை. அங்கே உழைப்பாளர் சிலையைக் காணாமல் திரும்பாதீர்கள். பாறையைப் பெயர்க்கும் நான்கு பேர். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தது. ராஜாக்களுக்கும் துரைகளுக்கும் சிலை வைத்த ஊரில், பெயரில்லாத நாலு உழைப்பாளிகள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்கள். இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும், ஐக்கோர்ட்டு எதிரே இருந்த கடற்கரையிலும்தான் 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். இதைப் பிள்ளைகளுக்கு அந்த மணலில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஒன்பது மாடி, உள்ளே போகக் காசு இல்லை. 2010-ல் திறந்த அதை, மறு வருஷமே மூடி ஆஸ்பத்திரியாக்கப் புறப்பட்டது அப்போதைய சர்க்கார். ஆஸ்பத்திரி கட்ட வேறு இடமா இல்லை? மக்கள் எதிர்த்தார்கள், ஐக்கோர்ட்டு தடுத்தது, நூலகம் பிழைத்தது. படிக்கத் தெரியாதவர்கள் போகலாமா என்று கூச்சப்படாதீர்கள். குழந்தைகள் பகுதியில் பிள்ளையை விட்டுவிட்டுப் பக்கத்திலே உட்காருங்கள்.

ராத்தங்கல்தான் இடிக்கிறது. லாட்ஜில் ஒரு ராத்திரிக்குக் கேட்பது நம் இரண்டு மூன்று நாள் கூலி. அதனால்தான் ராத்திரி ரயிலில் வந்து, மறு ராத்திரி ரயிலில் திரும்புகிறார்கள் நம் ஜனங்கள். இங்கேதான் வருகிறது வம்பு!

முன்பதிவு இல்லாத பெட்டி எங்கே? முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அதுகூட எல்லா வண்டியிலும் இல்லை. கழிப்பறை வாசலில் குழந்தையை மடியில் வைத்து விடிய விடிய வருகிறாள் தாய். வந்தே பாரத் என்று கொடியசைத்து ஓட விடுகிறார்களே, அதில் நமக்கென்று அப்படி ஒரு பெட்டிகூடக் கிடையாது! கொரோனாவைச் சாக்கிட்டுப் பாசஞ்சர் வண்டிக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, 10 ரூபாய்க் கட்டணத்தை 30 ஆக்கினார்கள், 2024-ல்தான் இறக்கினார்கள். கொரோனா போய் எவ்வளவு காலம் கழித்து!

ராத்திரி எக்ஸ்பிரஸ் ஒவ்வொன்றிலும் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்டு என்று கேட்கிறோம். உங்கள் ஊர் ஸ்டேஷனில் நிற்கும் வண்டியில் அப்படி எத்தனை பெட்டி, வாசலில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று எண்ணி, தேதி போட்டு நமக்கு எழுதுங்கள்.