ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்து வந்த கிண்ணம்

மோட்டார்ப் பந்தயம் என்றதும், சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஒருவர் மட்டுமே அமரத்தக்க விசித்திர வாகனமே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். அமெரிக்காவின் தென் மாநிலத்தவர்க்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. வீட்டுக்காரர் வேலைக்குச் செல்லும் அதே கார், யந்திரம் மாத்திரம் வலுவூட்டப்பெற்று, வட்டப் பாதையிலே புழுதி பறக்க ஓடுவதைக் காண்பதே அவர்களது ஆனந்தம். இதனை 'ஸ்டொக் கார்' பந்தயம் என்பர். இன்றைய பந்தயக் கார்கள் தோற்றத்தில் மாத்திரமே கடைக் காரை ஒத்தவை. நாம் கூறப்போகும் காலத்தில் அவ்வாறன்று. இப் பந்தயங்களை நடத்தும் 'நாஸ்கார்' என்னும் சங்கம் 1948ஆம் ஆண்டு தோன்றியது.

இவ்விளையாட்டின் பூர்வோத்தரம் சிறிது வேடிக்கையானது. மலைப்பகுதிகளிற் காய்ச்சிய கசிப்பை இரவோடிரவாக நகரங்களுக்குக் கடத்தியவர்களே முதற் பந்தய வீரர்களிற் பலர். பார்வைக்குச் சாதுவான கார். உள்ளே பலம் வாய்ந்த யந்திரம். பாரம் ஏற்றினாலும் பின்புறம் தாழாதபடி இறுக்கிய வில்லுகள். துரத்தி வரும் பொலிஸாரே அவர்களுக்கு வாய்த்த ஆசான்கள் எனலாம்.

வேர்ஜினியா மாநிலத்து டான்வில் நகரில் 1921ஆம் ஆண்டு பிறந்த வெண்டெல் ஸ்கொட்டும் இப் பள்ளியிற் பயின்றவரே. இரண்டாம் உலக யுத்தத்தின்போது படையில் வாகனம் திருத்தும் தொழில் செய்தார். திரும்பி வந்து வாடகைக் கார் ஓட்டினார், கராஜ் நடத்தினார், இரவில் கசிப்பும் கடத்தினார். ஒரு முறை அகப்பட்டுத் தண்டனையும் பெற்றார். 1952ஆம் ஆண்டு டான்வில் பந்தயத் திடலின் நிர்வாகிகள், கறுப்பினச் சாரதி ஒருவரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கச் சனம் திரளும் என்று கணக்கிட்டனர். வேகமாக ஓட்டுபவன் யார் என்று அவர்கள் விசாரித்தது யாரிடம் தெரியுமா? பொலிஸாரிடம்! பொலிஸார் ஸ்கொட்டின் பெயரைக் கூறினர்.

வேடிக்கைப் பொருளாக அழைக்கப்பட்டவர் விளையாட்டை விடவில்லை. நிறத்தைக் காரணங் காட்டித் திருப்பி அனுப்பிய திடல்கள் உண்டு. கூட்டத்திலிருந்து வந்த வசைச் சொற்களை இங்கே எழுதுதல் தகாது. எனினும் 1959இல் வேர்ஜினியா மாநிலத்துச் சாம்பியன் பட்டம் அவரைச் சேர்ந்தது. 1961இல் நாஸ்காரின் உச்ச வகுப்பாகிய 'கிராண்ட் நாஷனல்' பந்தயங்களிற் காலடி வைத்தார். ஏனைய வீரர்களுக்குக் கார்க் கம்பனிகளின் ஆதரவும் சம்பளம் பெறும் மெக்கானிக்குகளும் இருக்க, இவருக்கு வாய்த்தவர்கள் இவருடைய மைந்தர்களே. அவர்கள் சிறுவயதிலேயே டயர் மாற்றவும் யந்திரம் கழற்றவும் கற்றனர். முதல் நாள் கார் திருத்துபவரும், மறுநாள் லொறியில் அதனை ஏற்றிச் செல்பவரும், பந்தயத்தில் ஓட்டுபவரும் ஸ்கொட் ஒருவரே. முதலிடத்துக்காக யந்திரத்தை நொறுக்கினால் அடுத்த வாரத்துக்கு வேறு யந்திரம் கிடையாது. ஆகவே காரைக் காத்தே ஓடவேண்டியிருந்தது. பெரும் பணத்துடன் போட்டியிட்டவர்களின் எண்களோடு இவருடைய எண்களை ஒப்பிடுபவர் இதனையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

இனி 1963ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதிக்கு வருவோம். புளோரிடா மாநிலத்து ஜக்சன்வில் நகரில் அரை மைல் மண் பாதை, 200 சுற்றுகள். ஸ்கொட் ஓட்டியது நெட் ஜாரட் என்ற வீரரிடம் வாங்கிய பழைய செவ்ரோலெட். பிரபல வீரர் ரிச்சர்ட் பெற்றியின் கார் பழுதுபடவே, ஏறத்தாழ இருபத்தைந்து சுற்றுகள் எஞ்சியிருக்கையில் ஸ்கொட் அவரை முந்தினார். இருநூறாவது சுற்று முடிந்தது. வெற்றிக் கொடி அசையவில்லை! மேலும் இரு சுற்றுகள் ஓடினார். முடிவில் பக் பேக்கர் என்ற வெள்ளையின வீரர் வெற்றியாளர் என அறிவிக்கப்பட்டு, கிண்ணத்தையும் பெற்றுக்கொண்டார். சனங்கள் கலைந்து சென்ற பின்னர், ஸ்கொட்டே இரண்டு சுற்றுகள் முன்னதாக வென்றவர் என அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். பரிசுப் பணமாகிய 1,000 டொலர் கிடைத்தது. கிண்ணம் கிடைக்கவில்லை.

கணக்கிற் பிழை நேர்ந்தது என்றனர் அதிகாரிகள். அக்காலத்தில் ஒவ்வொரு காரின் சுற்றுகளையும் ஒருவர் கையாற் குறித்து வந்தமையால், பிழை நேர்தல் அசாத்தியமன்று. வெற்றியாளரை வாழ்த்தி முத்தமிட வெள்ளையின அழகியொருத்தி மேடையில் நின்றாள். அதனை அக்கூட்டத்தின் முன் நிகழவிடாமற் செய்யவே காலங் கடத்தினர் என்பது ஸ்கொட்டின் உறுதியான நம்பிக்கை. எண்ணியவரின் உள்ளத்தை நாம் ஆராய வல்லோமல்லோம். ஆயினும், எண்ணிக்கையிற் பிழையென்று அன்றிரவே கண்டவர்கள் கிண்ணத்தை உரியவரிடம் சேர்க்காது விட்டதற்கு எந்தக் கணக்குப் பிழையைக் காரணங் கூறுவது? பின்னர் தந்தைக்குக் கிடைத்தது மலிவான மரக்கட்டையொன்றே எனப் பிள்ளைகள் கூறினர்.

அதன் பின்பும் அவர் பத்தாண்டுகள் ஓடினார். 1966இல் ஆண்டுப் புள்ளி வரிசையில் ஆறாம் இடம். 1973ஆம் ஆண்டு மே மாதம் டலடேகா திடலில் பல கார்கள் ஒருசேர மோதிய பெருவிபத்தில் இடுப்பெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்தன. பின்னர் ஒரேயொரு தடவை ஓடியதோடு ஓய்வு பெற்றார். மொத்தம் 495 பந்தயங்கள். அவற்றுள் 147இல் முதற் பத்து இடங்களுள் வந்தார். வெற்றி அந்த ஒன்றே. 1977இல் அவரது வாழ்க்கையைத் தழுவிய திரைப்படம் வெளிவந்தது. ரிச்சர்ட் பிரையர் அவராக நடித்தார். 1990ஆம் ஆண்டு டிசெம்பரில் டான்வில் நகரிலேயே காலமானார். 2015இல் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், டேடோனா திடலிலே, ஜக்சன்வில் வெற்றிக்கான கிண்ணத்தை நாஸ்கார் சங்கத்தார் ஸ்கொட்டின் குடும்பத்தாரிடம் கையளித்தனர். பெற்றுக்கொண்டவர்களுள் ஒருவர் மைந்தர் பிராங்க். தந்தையின் காருக்கு டயர் மாற்றிய சிறுவருள் அவரும் ஒருவர்.