டின்னைத் திருப்பிப் பாருங்கள்



முகத்துவாரத்தில் என்னிடம் ஓதும் மாணவி ஒருத்தியின் தாய் அண்மையில் கலங்கிய முகத்தோடு வந்தார். "ஹஸ்ரத், சின்ன மகனுக்குக் கரைக்கிற பால்மா டின்னில் ஈ 304 என்று போட்டிருக்கு. அது பன்றிக் கொழுப்பு என்று போனில் செய்தி வந்தது. டின்னை வீசிட்டேன். ரெண்டு நாளா பிஸ்கட் கரைச்சுத்தான் கொடுக்கிறேன்" என்றார். பிள்ளைக்கு வயது ஏழு மாதம்.

ஹராமை அஞ்சும் அந்த உள்ளத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால், வந்த செய்தி சரிதானா?

ஈ 304 என்பது அஸ்கோர்பைல் பால்மிடேட். தேசிக்காயில் இருக்கும் வைட்டமின் சி தண்ணீரில் கரையும், கொழுப்பில் கரையாது. ஆகவே அதைப் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தோடு சேர்த்து, எண்ணெயிலும் கரையும்படி செய்கிறார்கள். எண்ணெய், மாஜரின், பால்மா போன்றவை காறிப்போகாமல் காப்பதே இதன் வேலை.

இதில் கேள்விக்குரியது பால்மிடிக் அமிலம் மட்டுமே. பாம் எண்ணெயில் அது நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் உண்டு. அதன் பெயரே அந்த மரத்திலிருந்து வந்ததுதான். மாட்டுக் கொழுப்பிலும் பன்றிக் கொழுப்பிலும்கூட அது உண்டு. ஈ 304 என்ற எண், பொருள் இன்னதென்று சொல்லும். எதிலிருந்து வந்ததென்று சொல்லாது. எண்ணை மட்டும் பார்த்து ஹராம் என்பதும் தவறு, ஹலால் என்பதும் தவறு.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் ஹலால் முத்திரையைத் தேடுங்கள். நம் நாட்டில் 2013 வரை ஜம்இய்யதுல் உலமா சான்றிதழ் வழங்கியது. 2014 முதல் ஹலால் அக்ரிடிடேஷன் கவுன்சில் வழங்கி வருகிறது. முத்திரை இல்லாவிட்டால் கம்பனியிடம் கேளுங்கள்: "இது தாவரத்திலிருந்து எடுத்ததா?" தெளிவான பதில் கிடைக்காதபோது வேறொன்றை வாங்குவதே பேணுதல். சந்தேகமானதைத் தவிர்த்தவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்பது ஹதீஸின் கருத்து.

அதே மார்க்கம்தான் கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்கவும் சொல்கிறது. சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். விசாரிக்காமல் பரப்பும் செய்தியால் ஒரு பச்சைப் பிள்ளையின் வயிறு காய்ந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஏழு மாதப் பிள்ளைக்குப் பிஸ்கட் தண்ணீர் பாலாகாது.

மறுநாள் அந்தச் சகோதரி கடையில் அதே டின்னைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். மறுபக்கத்தில் ஹலால் முத்திரை இருந்ததாம். செய்தி அனுப்பியவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

வஸ்ஸலாம்.