மொஹிட்டோவின் பெயரால்

வெள்ளை ரம், தேசிக்காய், சீனி, புதினா, சோடா. கியூபாவின் மொஹிட்டோவுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. போத்தலில் அடைத்த பச்சைப் பாணியைச் சோடாவில் கரைத்து, அதற்கும் இப்பெயரைச் சூட்டுவதை நான் மோசடி என்றே சொல்வேன்.

பெயரைப் பறிகொடுப்பது கியூபாவுக்குப் புதிதல்ல. 1962 முதல் தொடரும் தடையால் கியூப ரம் அமெரிக்கக் கடைகளுக்கு வருவதில்லை. பக்கார்டி நிறுவனம் அங்கே விற்கும் 'ஹவானா கிளப்' புவேர்ட்டோ ரிக்கோவில் வடிக்கப்படுவது.

வீட்டில் செய்வோரேனும் ஒழுங்காகச் செய்யலாமே! புதினாவைச் சம்பலுக்கு இடிப்பதுபோல் இடிக்கிறார்கள். இலை சிதைந்தால் கசக்கும். இரண்டு தேக்கரண்டி சீனி, அரைத் தேசிக்காயின் சாறு, எட்டுப் பத்து இலைகள். மெல்ல அமுக்கினாலே மணம் எழும். பின்னர் 50 மில்லிலீற்றர் ரம், பனிக்கட்டி, மேலே சோடா. தேசிக்காயை அப்போதே பிழியுங்கள்; போத்தல் சாறு வேண்டாம்.