உங்கள் அறிவிப்புகள், எங்கள் ஜிபி

மாண்புமிகு தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அம்பத்தூரில் எங்கள் தெரு நலச்சங்கத்துக்கு நான் செயலாளர். குடிநீர் நிறுத்தம், சொத்துவரி முகாம், பள்ளி விடுமுறை எல்லாமே இப்போது வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. வருகிற விதம்தான் வேடிக்கை. அறிவிப்பை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மேசையில் கோணலாக வைத்துப் படமெடுத்து அனுப்புகிறார்கள். ஒரு படம் இரண்டு எம்பி. ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கே ஆறு பைட் கேட்கிற நம் தமிழில்கூட, அதே நூறு சொற்களைத் தட்டச்சு செய்தால் நான்கு கேபி தாண்டாது.

500 பேர் குழுவில் அந்தப் படம் 500 கைப்பேசிகளில் போய் உட்காருகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு ஜிபி! போய்ச் சேர்ந்த செய்திகளை வாட்ஸ்அப் தன் சர்வரில் சேர்த்துவைப்பதில்லை. பத்திரப்படுத்துவது எங்கள் பாடு. ஆண்ட்ராய்டு பேக்கப்புக்குக் கூகுள் முன்பு கணக்குப் பார்க்கவில்லை. 2024 முதல் அதுவும் இலவசமான 15 ஜிபிக்குள் அடக்கம். மேலே போனால், 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய். ஓய்வூதியக்காரர்கள் நிறைந்த குழு எங்களுடையது.

போன மாதம் என் போன் நிறைந்துவிட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எந்த வீட்டில் யார் மாட்டிக்கொண்டார், தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்ற பதிவெல்லாம் அதில்தான் இருக்கிறது. அடுத்த மழைநீர் வடிகால் பேச்சுக்கு எங்களிடம் உள்ள சான்று அது ஒன்றுதான். முத்திரை குத்திய படங்களை அழிக்கலாமென்றால், நாளைக்கே ‘சுற்றறிக்கை வந்ததே, பார்க்கவில்லையா?’ என்பார்கள்.

1960களில் பட்டறைகளுக்காக உருவான எங்கள் தொழிற்பேட்டையில் இன்று என்டிடி, டிஜிட்டல் கனெக்ஷன் என்று தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்காக 2021இல் அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அரசுக்கென்று பெருங்குடி எல்காட் வளாகத்தில் மாநிலத் தரவு மையமும் உண்டு. பழைய காகிதங்களுக்கு எழும்பூரில் ஆவணக் காப்பகம் 1909 முதல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிற அரசு அறிவிப்புக்கு மட்டும் காப்பகம் என் சட்டைப் பையா?

கேட்பது பெரிதல்ல. ஒவ்வோர் அறிவிப்பையும் எழுத்தாகவே, எண்ணும் தேதியும் போட்டு, அரசுத் தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். குழுவுக்கு அதன் இணைப்பு மட்டும் வரட்டும். முத்திரை கட்டாயம் என்றால், அதை அங்கேயே குத்திக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அம்பத்தூர்வாசி ஒருவர்